மின்வண்டியும் மடை காப்போரும்

உலகத்தார் கண்ணுக்குத் தோன்றும் தொழிலையே பெரிதும் போற்றுவர். தோன்றாத் தொழிலை, அது தோன்றாமை பற்றியே மறந்தொழிவர். தேரோட்டம் காணச் செல்வோர் வடம் பிடிப்பாரையும் தேரின் அணியையும் கண்டு களிப்பரேயன்றி, சக்கரத்தின் அருகே குனிந்து நடந்து, காலமறிந்து முட்டுக்கட்டையிடும் தொழிலாளரை நோக்குவார் சிலரே. அவர் ஒரு கணம் அயர்வரேல் தேர் தெருவில் நில்லாது வீட்டுச் சுவரில் சென்று நிற்கும். இவ்வாறு மறக்கப்பட்ட தொழில்கள் எத்துணையோ உள. அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கல்லூரி அன்பர்கட்கு மின்சார இரயிலைப் பற்றி எடுத்துரைப்பது கொல்லத் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். நாள்தோறும் தாம்பரம் நிலையத்தில் இறங்கி, நெரிசலிடையே வழி தேடி, மணியடிக்குமுன் வகுப்பை எய்தும் மாணவர் பலர். எனினும் அவ்வண்டியை ஓட்டுபவர் யார் என்று வினவின், முகப்பில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரைச் சுட்டுவோம். வண்டியை ஓட்டுவது யாது என்று வினவின், மேலே செல்லும் கம்பியைச் சுட்டுவோம். அக்கம்பிக்கு மின்சாரம் எங்கிருந்து, எவ்வுருவில், எவர் கைப்பட்டு வருகின்றது என்று வினவுவார் அரியர். கம்பிக்கும் மின்னாக்க நிலையத்திற்கும் இடையே நின்று, ஒருபுறம் வாங்கி மறுபுறம் வழங்கும் இடமே துணைமின் நிலையம். மின்சார இரயிலின் வரலாறு செம்பாதி இந்நிலையங்களின் வரலாறே எனின் மிகையாகாது.

1879-ஆம் ஆண்டில் பெர்லின் நகரப் பொருட்காட்சியில் வெர்னர் சீமன்ஸ் என்பார் சிறியதொரு மின்வண்டியை ஓட்டிக் காட்டினார். அஃது ஏறக்குறைய விளையாட்டு வண்டி போன்றதே. பாதை குறுகியது, மின்னாக்கப் பொறியும் அருகிலேயே இருந்தது, ஆதலின் இடைநிலையம் ஒன்று வேண்டப்படவில்லை. இடர்ப்பாடு தோன்றியது பாதை நீண்டபோதுதான். 1890-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிலத்தடியே மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. அதற்குரிய மின்னாக்க நிலையம் பாதையின் ஒரு கோடியாகிய ஸ்டாக்வெல்லில் இருந்தது. நகரின் நடுவே அமைந்த மறுகோடியை அடையுமுன் மின்னழுத்தம் குன்றிப்போயிற்று. வண்டிகள் சோர்ந்து ஊர்ந்தன. மின்சாரத்தால் ஓடும் இரயிலின் நிலையங்களுக்குத் தொடக்கத்தில் வாயு விளக்கே ஏற்றப்பட்டதெனின் அக்காலத்து இடர்ப்பாடு நன்கு விளங்கும்.

இவ்விடர்ப்பாட்டின் காரணத்தை நம் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் நாட்டார்க்கு விளக்குதல் எளிது. இஃது ஏரிகளின் நாடு. ஏரியிலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீர் தலைமடையில் மிகுந்தும் கடைமடையில் குறைந்தும் இருத்தலை உழவர் எல்லோரும் அறிவர். மின்சாரத்தின் இயல்பும் அத்தகையதே. கம்பி நீள நீள இழப்பு மிகும். ஓடும் மின்னோட்டம் இருமடங்காயின் வெப்பமாகக் கழியும் இழப்பு நான்மடங்காகும். எனவே, தொலைவிற்கு மின்சாரம் அனுப்புவோர் அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைப்பர். அழுத்தத்தை இருபது மடங்கு உயர்த்தின் ஓட்டம் இருபதில் ஒரு பங்காகும். இழப்போ நானூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

அங்ஙனமாயின் அவ்வுயர்ந்த அழுத்தத்தையே வண்டிக்கு நேரே கொடுத்துவிடலாகாதோ எனின், அக்காலத்து அஃது இயலாதாயிற்று. அழுத்தத்தை எளிதில் ஏற்றவும் இறக்கவும் இடந்தருவது மாறுதிசை மின்சாரம். வண்டியை இழுக்கும் மோட்டாருக்கு ஏற்றதோ நேர்திசை மின்சாரம். புறப்படுங்கால் மிக்க வலியுடன் இழுத்தலும், வேகத்தை வேண்டியவாறு அடக்குதற்கு இடந்தருதலும் நேர்திசை மோட்டாரின் சிறப்பியல்புகள். ஒன்று பயணத்திற்கு உகந்தது. மற்றொன்று பணிக்கு உகந்தது. இவ்விரண்டையும் இணைக்கும் இடமாகவே துணைமின் நிலையம் தோன்றிற்று. 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இலண்டன் நடுவண் இரயில்பாதை இம்முறையையே மேற்கொண்டது. ஓரிடத்தில் உயர்ந்த அழுத்தத்தில் மாறுதிசை மின்சாரம் ஆக்கப்பட்டது. வழியிடையே அமைந்த துணைமின் நிலையங்களில் அது தாழ்ந்த அழுத்தமுள்ள நேர்திசை மின்சாரமாக மாற்றப்பட்டு வண்டிக்கு வழங்கப்பட்டது.

அம்மாற்றத்தைச் செய்த பழைய பொறிக்கு ரோட்டரி கன்வர்ட்டர் என்பது பெயர். தமிழிற் சுழல்மாற்றி எனலாம். பெரியதோர் இரும்புருளை ஓயாது சுழலும். அதன் ஒருபுறத்தே வளையங்கள் வழியே மாறுதிசை மின்சாரம் புகும்; மறுபுறத்தே செம்புத் தகடுகள் வரிசையாய்ச் சூழ்ந்த உருளையின்மேல் கரித்துண்டுகள் உரைந்து நேர்திசை மின்சாரத்தை வாங்கும். இப்பொறியை இயக்குதல் விளையாட்டன்று. வரும் மின்சாரத்தின் அலையோடு பொறியின் சுழற்சி ஒத்துவரும் கணம் பார்த்து இணைத்தல் வேண்டும். பாதையில் எங்கேனும் குறுக்கிணைப்பு நேரின், செம்புத் தகடுகளின்மேல் நெருப்பு வட்டமிட்டுப் பாயும். ஆதலின் இரவும் பகலும் ஆட்கள் முறைவைத்துக் காத்திருந்தனர். மணிக்கொருமுறை அளவுகளைக் குறித்தலும், கரித்துண்டின் தேய்வை நோக்குதலும், எல்லாவற்றினும் மேலாகப் பொறியின் ஒலியைச் செவிமடுத்தலும் அவர்தம் கடமை. ஒலி சிறிது வேறுபடினும் அவர் எழுந்துவிடுவர். பின்னர்ப் பாதரச வில்லால் மின்சாரத்தைத் திருத்தும் கருவி வந்தது. சுழலும் உறுப்பின்றி, கண்ணாடிக் குடுவையினுள் நீலவொளி துடிக்க, ஓசையின்றி அது பணிபுரிந்தது. அதன்பின் சிலிக்கான் கருவிகள் வந்தன. தொலைவிலிருந்தே நிலையங்களை ஆளும் முறையும் வந்தது. காவலர் தொகை படிப்படியாய்க் குறைந்தது.

இனி நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். 1895-ஆம் ஆண்டிலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடிற்று. இந்தியாவில் முதன்முதல் ஓடியது அதுவே. இருப்புப்பாதையில் முதல் மின்வண்டி பம்பாயில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் ஓடிற்று. பின்னர்த் தென்னிந்திய இரயில்வேயார் சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையுள்ள மீட்டர் அகலப் பாதையை மின்மயமாக்கினர். 1931 ஏப்ரல் 2-ஆம் நாள் ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதனைத் தொடங்கி வைத்தார். மே 11-ஆம் நாள் முதல் பொதுமக்கள் ஏறிச் சென்றனர். ஏறக்குறைய 18 மைல் நீளமுள்ள அப்பாதைக்கு 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம் வழங்கப்பட்டது. அதனை வழங்கிய துணைமின் நிலையங்கள் எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் இருந்தன. நகரக்கோடிக்கு ஒன்று, புறநகர்க்கோடிக்கு ஒன்று என, ஏரிக்கு இரு மதகு அமைந்தாற்போல அவை அமைந்தன.

1,500 வோல்ட்டில் ஒரு வண்டி 500 ஆம்பியர் வாங்கின் அது 750 கிலோவாட் ஆற்றலாகும். காலையும் மாலையும் பல வண்டிகள் ஒருங்கே புறப்படுங்கால் அவ்விரு நிலையங்களின்மேல் விழும் சுமையை ஊகித்துக் கொள்க. கடற்கரையில் ஒரு வண்டி புறப்படுதலும், பல்லாவரத்தில் ஒரு வண்டி புறப்படுதலும் அங்கிருந்த அளவுக்கருவியின் முள்ளில் தெரியும். மேடையில் நிற்போர் வண்டியின் வரவைக் கண்ணாற் கண்டனர். நிலையத்துள் இருந்தோர் முள்ளின் அசைவாற் கண்டனர்.

இதனால் விளைந்த பயன் நமக்கு அயலன்று. ஜார்ஜ் டவுனில் இடநெருக்கத்தில் இருந்த நம் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் சேலையூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. நகரை விட்டு இத்துணைத் தொலைவு வருதற்கு அன்றைய பெரியோர்க்குத் துணிவு தந்த காரணங்கள் பலவாயினும், தாம்பரம் வரை ஓடிய மின்வண்டியும் அவற்றுள் ஒன்றாகும் என்று கருதுதல் தவறாகாது. இன்று மரநிழலில் அமர்ந்து சங்க நூல்களைப் பயிலும் யாம், எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் இரவு விழித்திருந்த அப்பெயரறியாக் காவலர்க்குக் கடன்பட்டுள்ளோம். 1960-களில் அப்பாதை 25,000 வோல்ட் மாறுதிசை முறைக்கு மாற்றப்பட்டது. நேர்திசையாக்கும் வேலையை வண்டியே தன்னுள் செய்துகொள்ளத் தொடங்கியமையால் பழைய நிலையங்களின் தொழில் முடிந்தது. 2004-ஆம் ஆண்டில் மீட்டர் அகல வண்டியும் ஓய்ந்து, அகலப்பாதை வண்டிகளே ஓடலாயின. திறந்து வைத்த ஆளுநரின் பெயரை வரலாறு கூறும். காத்து நின்றோரின் பெயரைக் கூறாது.

இப்பொருளில் எமக்கு இத்துணை ஈடுபாடு எழுந்தமைக்குக் காரணம் உண்டு. எம் ஊர் ஒரகடத்தை அடுத்தது. தாம்பரத்திலிருந்து படப்பை வழியே மேற்கு நோக்கிச் செல்லும் சாலையில், பல்லவரும் சாளுக்கியரும் பொருத மணிமங்கலத்திற்கு அப்பால், இராமானுசர் பிறந்த திருப்பெரும்பூதூருக்குத் தெற்கே அமைந்தது ஒரகடம். எம் பாட்டனார் காலத்தில் அஃது ஏரியும் வயலும் புன்செய்க் காடுமாக இருந்தது. சிப்காட் வளாகம் அமைந்தபின், 2010-இல் ரெனோ நிசான் கார் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் கனவண்டி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் தொடங்கின. ஊருக்குள் இரயில் இல்லை. தாம்பரத்திலும் சிங்கப்பெருமாள் கோயிலிலும் மின்வண்டியிலிருந்து இறங்கும் தொழிலாளர் கம்பெனிப் பேருந்துகளில் ஏறி, ஷிப்ட் தொடங்குமுன் வந்து சேர்வர். பெருஞ்சாலையின் இருமருங்கும் கோபுரம்போல் நிற்கும் உயரழுத்தக் கம்பித் தூண்களே இன்று எம் நாட்டின் அடையாளம்.

அத்தூண்கள் வந்து முடியும் துணைமின் நிலையங்களுள் ஒன்றில் எம் தந்தையார் ஒப்பந்த முறையில் இயக்குநராகப் பணிபுரிகின்றார். மின்மாற்றியின் எண்ணெய் வெப்பத்தையும் ஒவ்வொரு ஃபீடரின் ஆம்பியரையும் மணிக்கொருமுறை குறிப்பது அவர் வேலை. மின்மாற்றி மூச்சுவிடும் குழாயில் ஈரத்தை வாங்கும் நீல மணிகள் வெளிர்சிவப்பாய் மாறியுள்ளனவோ என்றும் நோக்குவார். யார்டில் பரப்பிய சரளைக்கல்லினூடே புல் முளைத்தால் களைவிப்பார். எல்லாவற்றினும் மேலாக இரைச்சலைக் கேட்பார். "அளவைக் குறிக்கிறதற்கு மிஷின் வந்துவிட்டது, தம்பி, கேட்கிறதற்கு இன்னும் காதுதான்" என்பது அவர் வாய்மொழி. நூறாண்டிற்கு முன் சுழல்மாற்றியின் அருகே அமர்ந்திருந்தவனும் இதனையே கூறியிருப்பான் அன்றோ?

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வந்தபோது யாம் பத்து வயதுச் சிறுவர். வாயிலில் கட்டிய கிறிஸ்துமஸ் விண்மீன் கூடு காற்றோடு போயிற்று; கூரை ஓடுகள் பறந்தன; ஊர் முழுதும் இருண்டது. முதல்நாள் இரவுப் பணிக்குச் சென்ற தந்தையார் மூன்று நாள் வரையில் இல்லம் திரும்பவில்லை. மாற்றாள் வர வழியில்லை. வேரோடு சாய்ந்த மரங்களால் சாலைகள் அடைபட்டிருந்தன. எம் அன்னையார் விளக்கைத் தூண்டிவிட்டு, எம்மை அருகிருத்தி, மத்தேயு சுவிசேஷத்திலுள்ள பத்துக் கன்னிகையர் உவமையை வாசித்தார். எண்ணெயோடு ஆயத்தமாய் இருந்தவர் யார், எண்ணெயின்றிப் போனவர் யார் என்று அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டியதும் இல்லை. நான்காம் நாட் காலையில் தந்தையார் சேற்றுக் கால்களோடு வந்தார். ஒரு தேநீர் அருந்திவிட்டு, "லைன் நின்னுடுச்சு" என்று மட்டும் கூறி உறங்கினார். அம்மொழிக்குக் கம்பி உறுதிபெற்று நின்றது என்பது பொருள்.

பின்னர் ஒருநாள் அப்புயற்காலத்தில் உழைத்தோர்க்குப் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. பட்டியலில் நிலைத்த பணியாளர் பெயர்களே இருந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் பெயர் ஒன்றும் இல்லை. அவர்கள் பின்வரிசையில் நின்று கைதட்டினர். தந்தையார் அதனைக் குறையாகச் சொன்னதில்லை. எமக்கோ அது நெஞ்சில் தைத்த முள்ளாகவே உள்ளது.

மேல்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்தபோது உறவினர் பலரும் எம்மை மின்தொழில் டிப்ளமோவில் சேருமாறு கூறினர். "ஒரகடத்தில் பிறந்துவிட்டுத் தமிழ் படிப்பதா? புறநானூறு சோறு போடுமா?" என்று மாமா ஒருவர் வினவினார். வினா கடியதாயினும் நேரியதே. எம் தங்கையர் இருவர் பள்ளியில் பயில்கின்றனர். தந்தையாரின் ஒப்பந்தமோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. ஆதலின் யாம் இவ்வினாவைக் கல்லூரி வாயிலிலேயே விட்டுவிட்டு வந்தோமில்லை. வகுப்பறையிலும் அஃது எம்முடன் அமர்ந்திருந்தது.

அதற்கு விடையின் ஒரு பகுதி எம் பாடநூலிலேயே கிடைத்தது. எம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள. அவற்றின் ஆண்டுகள் 919, 921. குடவோலை முறைக்காக அவற்றை உலகம் புகழ்கின்றது. எம் கண்ணை ஈர்த்தது அங்குக் கூறப்படும் ஏரி வாரியம். ஏரியைக் காத்தல் ஊர்ச்சபையின் பொறுப்புகளுள் ஒன்றாக எண்ணப்பட்டு, அதற்கெனத் தனி வாரியம் அமைக்கப்பட்டு, அவ்வாரியத்திற்கு யார் தக்கார், யார் தகார் என்பதும் கல்லில் வெட்டப்பட்டது. பிற்காலத்தும் எம் நாட்டு ஊர்களில் மடை திறந்து நீர்விடும் நீர்க்கட்டிக்கு விளைச்சலில் பங்கு உண்டு; அதற்கு மேரை என்று பெயர். களத்தில் நெல் அளக்குங்கால் உழுதவனுக்கு மட்டுமன்றி நீர்விட்டவனுக்கும் அளந்தனர். நம் முன்னோர் மடை காப்போனை மறந்தாரல்லர். அவனுக்குப் பெயர் தந்தனர், பங்கும் தந்தனர். இன்று மின்மடை காப்போர்க்குப் பங்கு தருதல் எம் கையில் இல்லை. பெயர் தருதலும் எழுதி வைத்தலும் தமிழ் பயில்வோர் தொழில் அன்றோ?

விடையின் மறுபகுதி சென்ற கோடை விடுமுறையிற் கிடைத்தது. தந்தையாரின் நிலையத்தில் உதவியாளராய்ச் சேர்ந்த இளைஞர் சிலர் ஆங்கிலம் அறியாதவர். பழுது பார்க்குமுன் செய்ய வேண்டியவற்றைக் கூறும் பலகையோ ஆங்கிலத்தில் இருந்தது. தந்தையார் எம்மை அழைத்து அதனைத் தமிழில் எழுதித் தருமாறு பணித்தார். மின்சாரத்தை நிறுத்துதல், பிரித்தல், பூட்டுதல், மின்சாரம் இல்லையெனக் கருவியால் உறுதிசெய்தல், எர்த்து தடியை மாட்டுதல், அதன்பின்னரே கைவைத்தல் என்னும் முறையைத் தனித்தனி வரிகளாய் எழுதினோம். 'புவியிணைப்பு' என்று எழுதலாமோ, 'எர்த்து' என்றே எழுதலாமோ என்று யாம் வினவ, தந்தையார் சற்றே சிந்தித்தார். "நல்ல தமிழ்ச் சொல்லை முதலில் எழுது, தம்பி, பக்கத்திலேயே எர்த்து என்றும் எழுது. படிக்கிறவன் கை கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவன் நின்று யோசிக்கக் கூடாது" என்றார். மொழியைப் பற்றி இதனினும் சிறந்ததோர் உரையை யாம் எந்நூலிலும் கற்றதில்லை.

அன்று யாம் ஓர் உண்மை கண்டோம். உயரழுத்த மின்சாரம் நெடுந்தொலைவு செல்லவல்லது. ஆயினும் அதனை நேரே வீட்டு விளக்கிற்கு ஊட்டுவார் இலர். கல்வியும் அத்தகையதே. பேரறிஞர் நூல்களில் உள்ள உயர்ந்த அறிவு காலங்கடந்து வரும் ஆற்றலுடையது. அதனை வாங்கி, அதன் வலி குன்றாமல், எளியோர் கைக்கு ஏற்ற அழுத்தத்தில் வழங்குவோர் இடையே வேண்டும். எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் இருந்த பழைய நிலையங்கள் இரும்பாலும் செம்பாலும் செய்த தொழிலைச் சொல்லாற் செய்பவனே தமிழ் மாணவன். அவ்வெள்ளைத்தாள் இன்று கண்ணாடிச் சட்டத்துள் அந்நிலையத்தின் சுவரில் உள்ளது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. இருக்க வேண்டுவதும் இல்லை. அதனைப் படித்தவர் மாலையில் நலமே இல்லம் திரும்புவரேல் அதுவே எமக்குக் கிடைத்த மேரை.

மாமாவின் வினாவிற்கு இது முழு விடையாகாது என்பதை யாம் அறிவோம். பட்டம் பெற்றபின் எத்தொழில் கிட்டும், இல்லத்தார்க்கு எவ்வளவு உதவ இயலும் என்பன இன்னும் எம்முன் நிற்கும் வினாக்களே. எனினும் தந்தையார் இவ்வாண்டும் கல்லூரிக் கட்டணத்தை உரிய நாளில் கட்டினார். டிப்ளமோவைப் பற்றி மீண்டும் பேசவில்லை. அவர் மௌனத்தை யாம் ஒரு நம்பிக்கைப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டோம்.

அன்புள்ள தோழர்களே! நம்மிற் பலர் மின்தொழிலும் கணினித் தொழிலும் பொறியியலும் சார்ந்த இல்லங்களிலிருந்து வருகின்றோம். நம் பெற்றோர் செய்யும் தொழிலின் நுட்பங்களை நாம் அறிந்துள்ளோமா? அவற்றுக்குரிய சொற்களை, அவர்தம் அனுபவங்களை, அவர் செவியால் அறியும் ஓசை வேறுபாடுகளைத் தமிழில் எழுதி வைத்துள்ளோமா? கல்வெட்டுப் பொறித்த சிற்றூர்ச் சபைக்கு இருந்த கருத்து நமக்கும் இருத்தல் வேண்டும். இனி மின்வண்டியில் ஏறி அமர்வோர், ஒரு கணமேனும், கம்பிக்கு அப்பால் எங்கோ ஓரறையில் விழித்திருக்கும் ஒருவரை நினைப்பாராக. உறங்காது காப்பவராகிய ஆண்டவர், உறங்காது காக்கும் அவ்வெளியோரையும் காத்தருள்வாராக.